சிவப்பணுவில் புகுந்த குடித்தனக்காரன்



பகல் முழுதும் உழைத்துவிட்டு, அடுப்பு வேலையையும் முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடலாம். இன்றைய விஷயம் மலேரியா.

முதலில் குளிர் வரும். பல் கிடுகிடுவென அடிக்கும். இரண்டு கம்பளி போர்த்தினாலும் போதாது. பிறகு உடம்பு அனலாகக் கொதிக்கும். பிறகு வேர்த்துக் கொட்டும். காய்ச்சல் விட்டுவிடும். ஆள் எழுந்து வேலைக்குப் போய்விடுவார். ஒரு நாள் விட்டு மறுபடியும் அதே குளிர் வரும். முறைக்காய்ச்சல் என்று பாட்டிமார் இதற்குப் பெயர் வைத்தார்கள்.

கொசு கடித்தால் மலேரியா வரும். இது லிங்கராஜபுரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கொசு கடித்த பிறகு உடம்புக்குள் என்ன நடக்கிறது? காய்ச்சல் ஏன் விட்டு விட்டு வருகிறது? ஒருவர் பிழைத்து எழுகிறார், இன்னொருவர் நினைவு தப்பி விழுகிறார். அது ஏன்? இதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

மலேரியாவின் கதையில் பெங்களூருக்கும் ஓர் இடம் உண்டு. 1883ஆம் ஆண்டு. பழைய ஆட்கள் தண்டு என்று சொல்வார்களே, அந்தக் கன்டோன்மென்டில் ஓர் இளம் ராணுவ டாக்டர் இருந்தார். பெயர் ரொனால்ட் ராஸ். அவர் தங்கிய பங்களாவில் கொசுத் தொல்லை தாங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டி. எட்டிப் பார்த்தார். உள்ளே புழுக்கள் நெளிந்தன. தொட்டியைக் கவிழ்த்தார். கொசு குறைந்தது. மற்ற தொட்டிகளையும் கவிழ்க்கலாமே என்று ஓர் அதிகாரியிடம் சொன்னார். அதிகாரி மறுத்துவிட்டார். கொசுவும் இயற்கையின் படைப்பு, பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம்!

கொசுவுக்கும் மலேரியாவுக்கும் தொடர்பு உண்டு என்று அப்போது யாரும் நிரூபிக்கவில்லை. 14 ஆண்டு கழித்து, 1897 ஆகஸ்ட் 20 அன்று, செகந்திராபாத்தில் அதே ராஸ் ஒரு கொசுவை அறுத்துப் பார்த்தார். அதன் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமி வளர்வதைக் கண்டார். அந்தக் கொசுக்களைத் தன் உடம்பில் கடிக்க விட்டவர் ஹுசேன் கான் என்ற நோயாளி. ஒரு கொசுவுக்கு ஓர் அணா கூலி. ராஸுக்கு 1902இல் நோபல் பரிசு கிடைத்தது. ஹுசேன் கானுக்குக் கிடைத்தது அந்த அணாக்கள்தான்.

தண்ணீரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. நகரத்தில் மலேரியாவைப் பரப்பும் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. அது நல்ல தண்ணீரைத் தேடும். மூடாத சம்ப், மாடியில் மூடி உடைந்த டேங்க், கிணறு, இவை போதும். கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். தளம் போட்ட பிறகு பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள் அல்லவா? அதிலும் முட்டை போடும். முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். வாரம் ஒரு முறை அந்தத் தண்ணீரை வடித்து, தளத்தைக் காயவிட்டு, மறுபடி நிரப்பினால் புழு செத்துப்போகும். 1990களில் மங்களூரில் கட்டடங்கள் மளமளவென எழும்பியபோது மலேரியாவும் கூடவே ஏறியது. வெளியூர்க் கூலியாட்கள் கொண்டுவந்த நோய் என்று சிலர் பேசுவார்கள். அது நியாயமான பேச்சு அல்ல. கொசு ஊர் விசாரித்துக் கடிப்பதில்லை. அந்த ஆட்களைத் தண்ணீர் தேங்கிய இடத்தில் கொசுவலை இல்லாமல் படுக்க வைத்தது யார் என்று கேட்பதுதான் சரி.

சரி, இனி உடம்புக்குள் போவோம்.

மலேரியாவை உண்டாக்குவது ஓர் ஒட்டுண்ணி. இன்னொரு உயிரை ஒட்டிக்கொண்டு, அதன் சத்தைத் தின்று வாழ்வதுதான் ஒட்டுண்ணி. தலைப்பேனும் ஒட்டுண்ணிதான். பேன் கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. மைக்ராஸ்கோப்பில்தான் தெரியும். இந்தியாவில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. ஒன்று வைவாக்ஸ். இன்னொன்று ஃபால்சிபாரம். உயிரை அதிகம் வாங்குவது ஃபால்சிபாரம். இன்றைய பேச்சு பெரும்பாலும் அதைப் பற்றியது.

கொசு கடித்ததும் ஒட்டுண்ணி கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ஒரு வாரம் போலத் தங்குகிறது. ஒன்று பல ஆயிரமாகப் பெருகுகிறது. அதுவரை காய்ச்சல் இல்லை, வலி இல்லை. பிறகு இரத்தத்தில் இறங்குகிறது. இறங்கியதும் அது தேடுவது சிவப்பணுவை.

இரத்தம் சிவப்பாக இருப்பது சிவப்பணுக்களால்தான். ஒரு கடுகளவு துளியில் ஏறக்குறைய 50 லட்சம் சிவப்பணுக்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஓட்டை விழாத மெதுவடை போல இருக்கும். நடுவில் அமுங்கி, ஓரம் தடித்து இருக்கும். நாம் இழுக்கும் மூச்சில் உள்ள பிராணவாயுவை உடம்பெங்கும் சுமந்து போவது அதன் வேலை. சுமார் 120 நாள் உழைத்துவிட்டு அழிந்துவிடும்.

உடம்பின் மற்ற உயிரணுக்களுக்குள் ஒரு மேஸ்திரி உண்டு. எந்தப் பொருளை எப்போது செய்ய வேண்டும் என்று உத்தரவு போடும் பகுதி அது. சிவப்பணுவுக்கு அந்த மேஸ்திரி கிடையாது. முதிரும்போதே அதை வெளியே தள்ளிவிடும். ஆகவே சிவப்பணுவால் புதிதாக எதையும் செய்ய முடியாது. வெளிச்சுவருக்குப் பொருள் அனுப்பும் ஏற்பாடும் இல்லை. குழாய் இல்லாத, கரண்ட் இல்லாத வெற்று வீடு அது.

இப்படிப்பட்ட வீட்டை ஒட்டுண்ணி ஏன் தேர்ந்தெடுத்தது? ஒளிந்துகொள்ள வசதி. மற்ற உயிரணுவுக்குள் திருடன் புகுந்தால், அது வெளிச்சுவரில் அடையாளம் காட்டி உடம்பின் காவல்படையைக் கூப்பிடும். சிவப்பணுவால் அப்படிக் கூப்பிட முடியாது.

ஆனால் குடித்தனம் நடத்த வசதி வேண்டுமே! பெங்களூரில் வாடகைக்கோ போகியத்துக்கோ வீடு பிடிப்பவர் ஓர் ஆணி அடிக்க வேண்டும் என்றாலும் வீட்டுக்காரரைக் கேட்பார். இந்தக் குடித்தனக்காரன் வாடகையும் தருவதில்லை, போகியமும் தருவதில்லை. புகுந்த சில மணி நேரத்தில் கட்டட வேலையைத் தொடங்கிவிடுகிறான். சுவரில் புது வழி வைக்கிறான். வெளிச்சுவரில் கொக்கி மாட்டுகிறான். இந்த வேலைக்குத் தேவையான சாமான்களைத் தன் உடம்புக்குள் செய்து, வெளியே அனுப்புகிறான். அந்தச் சாமான்களின் பெயர் புரதம்.

புரதம் என்றதும் பருப்பும் முட்டையும் நினைவுக்கு வரும். அது சரிதான். ஆனால் புரதம் வெறும் சாப்பாட்டுச் சத்து அல்ல. உயிரணுவின் செங்கல், கம்பி, கதவு, கத்திரி எல்லாம் புரதம்தான். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு புரதம்.

நீங்கள் எழுத்துக் கற்றவர்கள். எழுத்தோடு எழுத்தைச் சேர்த்தால் சொல் வருகிறது. புரதமும் அப்படித்தான். அதற்கு 20 எழுத்துகள். அந்த 20 எழுத்துகளை விதவிதமாகக் கோத்து ஒட்டுண்ணி ஆயிரக்கணக்கான புரதங்களைச் செய்கிறது. அவற்றில் பல தனக்கே வேண்டியவை. சில நூறு வெளியே போக வேண்டியவை. எது வீட்டில் இருக்க வேண்டும், எது வெளியே போக வேண்டும் என்று எப்படித் தெரியும்?

தபால் பெட்டியில் போடும் கடிதத்தில் முகவரி எழுதுகிறோம். புரதத்திலும் முகவரி எழுதியிருக்கிறது! ஐந்தே எழுத்து முகவரி. முதல் எழுத்தும் மூன்றாம் எழுத்தும் மாறாது. ஐந்தாம் எழுத்து இரண்டு மூன்று எழுத்துகளில் ஒன்றாக இருக்கும். இரண்டாவதும் நான்காவதும் எதுவாகவும் இருக்கலாம். இதை 2004 டிசம்பரில் இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் வெளியிட்டன. ஒன்று ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஆலன் கௌமன் என்பவரின் குழு. மற்றது அமெரிக்காவின் சிகாகோவில் கஸ்தூரி ஹால்தார் என்பவரின் குழு. கஸ்தூரி ஹால்தார் இந்திய வம்சாவளிப் பெண் விஞ்ஞானி. (முகவரி இல்லாமலே வெளியே போகும் புரதங்களும் சில உண்டு. அவை எப்படிப் போகின்றன என்பதை விஞ்ஞானிகள் தேடிவருகிறார்கள்.)

முகவரி எழுதினால் போதாது. ஒட்டுண்ணிக்குள் ஒரு கத்திரி இருக்கிறது. அது ஐந்து எழுத்தைப் படித்து, மூன்றாம் எழுத்துக்குப் பின்னால் சரியாக வெட்டுகிறது. தபாலில் முத்திரை குத்துவது போல இது. வெட்டுப்பட்ட சாமான்தான் வெளியே போகலாம். கத்திரியின் பெயர் பிளாஸ்மெப்சின் ஐந்து. 2010இல் அதன் வேலை தெரியவந்தது.

அடுத்தது வாசல். ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் நுழையும்போது அதன் தோலையே உள்ளே தள்ளித் தன்னைச் சுற்றிப் போர்த்திக்கொள்கிறது. ஒரு பைக்குள் உட்கார்ந்திருப்பது போல. சாமான் இந்தப் பையைத் தாண்டினால்தான் சிவப்பணுவுக்குள் போகும். பையின் சுவரில் ஒட்டுண்ணி ஒரு வாசல் வைத்திருக்கிறது. ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 2009இல் அதைக் கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் பிடெக்ஸ். மிகக் குறுகலான வாசல். சுருண்டு மடிந்த புரதம் அதில் நுழையாது. வாசலில் ஒரு வேலைக்காரப் புரதம் நிற்கிறது. அது மடிப்பைப் பிரித்து, ஊசியில் நூல் கோப்பது போல, ஒரு முனையைப் பிடித்து உள்ளே இழுத்துவிடுகிறது. பூ கட்டும் அக்காமாருக்கும் தையல் வேலை செய்வோருக்கும் இது கண்ணில் நிற்கும். 2018இல் அமெரிக்க விஞ்ஞானிகள் இந்த வாசலின் உருவத்தையே படமாக எடுத்துக் காட்டினார்கள்.

இந்த வாசலை அடைத்தால் என்ன ஆகும்? 2014இல் இரண்டு குழுக்கள் அதைச் செய்து பார்த்தன. சாமான்கள் பைக்குள்ளேயே தேங்கி நின்றன. ஒட்டுண்ணி வளர முடியாமல் நின்றுபோனது.

அந்தச் சாமான்கள் வெளியே போய் என்ன செய்கின்றன? ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

வழவழவென்று இருந்த சிவப்பணுவின் தோல் பலாக்காய் போல முள்முள்ளாக ஆகிறது. ஒவ்வொரு முள்ளின் மேலும் ஒரு பசைப் புரதம் நிற்கிறது. எதற்கு இந்தப் பசை? இடது விலாவுக்கு உள்ளே மண்ணீரல் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. அது இரத்தத்தைச் சலிக்கும் சல்லடை. நல்ல சிவப்பணு வளைந்து நெளிந்து சல்லடையில் புகுந்துவிடும். ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணு விறைத்துப் போயிருக்கும். அது சல்லடையில் மாட்டிக்கொள்ளும். அழிந்துபோகும். இது ஒட்டுண்ணிக்குத் தெரிந்தது போல நடந்துகொள்கிறது. மண்ணீரல் பக்கமே போகாமல், சின்ன இரத்தக் குழாய்களின் சுவரில் பசையால் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது.

ஓடும் தெருவில் நாலு வண்டி குறுக்கே நின்றால் என்ன ஆகும்? லிங்கராஜபுரம் மேம்பாலத்தில் மாலை ஆறு மணிக்குப் பார்த்தால் தெரியும். அப்படித்தான் இரத்தக் குழாய் அடைபடுகிறது. மூளையில் அடைபட்டால் பேச்சு குழறும். மயக்கம் வரும். வலிப்பு வரும். நினைவு தப்பும். இது காற்றுச் சேட்டையும் அல்ல, பேய் பிடித்ததும் அல்ல. மந்திரிக்கக் கூட்டிப் போகும் ஒரு மணி நேரம் உயிரைக் குடித்துவிடும். காய்ச்சல்காரர் தூங்கி வழிந்தால், கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லாவிட்டால், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

கர்ப்பிணிகள் இதைக் கூர்ந்து கேட்க வேண்டும். பசைப் புரதத்தில் ஒரு வகை நஞ்சுக்கொடியில் போய் ஒட்டும். குழந்தைக்குச் சாப்பாடு போகும் இடம் அது. அங்கே ஒட்டுண்ணிகள் குவிந்தால் தாய்க்கு இரத்தசோகை வரும். குழந்தை எடை குறைந்து பிறக்கும். சில சமயம் கருவே கலையும். முதல் பிரசவத்தில் இந்த ஆபத்து அதிகம். தாயின் விரலில் எடுத்த இரத்தத்தில் கிருமி குறைவாகத் தெரியலாம், கிருமிக் கூட்டம் நஞ்சுக்கொடியில் ஒளிந்திருக்கும்.

ஓர் அண்ணன் கேட்கலாம்: "உடம்பு இந்தப் பசையைக் கண்டுபிடித்து அழிக்காதா?" கண்டுபிடிக்கும். அதற்குள் ஒட்டுண்ணி சட்டையை மாற்றிவிடும். ஃபால்சிபாரத்திடம் சுமார் 60 சட்டைகள் இருக்கின்றன. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் போடும். உடம்பு ஒரு சட்டையை அடையாளம் கண்டு அடிக்கும்போது, வேறு சட்டை போட்ட சிலது தப்பிப் பெருகும். மறுபடியும் காய்ச்சல். மலேரியா மிகுந்த ஊர்களில் சின்னக் குழந்தைகள் திரும்பத் திரும்ப அவதிப்படுவதற்கு இது ஒரு காரணம். பல சட்டைகளைப் பார்த்துப் பழகிய பெரியவர்கள் ஓரளவு தாங்குவார்கள்.

வீட்டுக்குள் ஒட்டுண்ணி பெருகுவதற்குச் சுமார் 48 மணி நேரம் ஆகும். ஒன்று 16 ஆகும், சில சமயம் 30க்கு மேலும் ஆகும். பிறகு சிவப்பணு வெடிக்கும். எல்லாம் வெளியே பாயும். அந்த நேரத்தில்தான் குளிரும் காய்ச்சலும் வருகின்றன. ஒவ்வொன்றும் புதுச் சிவப்பணுவைப் பிடித்துக்கொண்டதும் காய்ச்சல் விடும். காய்ச்சல் விட்டதை நோய் விட்டது என்று எண்ணக் கூடாது என்பது இதனால்தான். ஃபால்சிபாரத்தில் இந்த முறை தவறிக் காய்ச்சல் தினமும் கூட வரலாம்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. திருடன் வெளியே அனுப்பும் சாமானே அவனைக் காட்டிக்கொடுக்கிறது. எச்.ஆர்.பி.2 என்று ஒரு புரதம். ஃபால்சிபாரம் அதைச் சிவப்பணுவுக்குள் ஏராளமாக அனுப்புகிறது. அது இரத்தத்திலும் கசிகிறது. விரலைக் குத்தி ஒரு துளி இரத்தத்தை அட்டையில் வைத்து, மருந்துநீர் விட்டு, கால் மணி, 20 நிமிடம் காத்திருந்து கோடு பார்க்கிறார்களே, அந்தக் கோடு இந்தப் புரதத்தைத்தான் பிடிக்கிறது. வைவாக்ஸுக்கு வேறு புரதம், வேறு கோடு. ஒட்டுண்ணி நஞ்சுக்கொடியில் ஒளிந்திருந்தாலும் அது கசியவிட்ட புரதம் விரல்நுனி வரை வருகிறது. ஆனால் அட்டையை மட்டும் நம்பி இருந்துவிடவும் கூடாது. நோய் தீர்ந்த பிறகும் சில வாரம் இந்தப் புரதம் இரத்தத்தில் நிற்கும். கோடு தெரியும், பயப்பட வேண்டாம். எச்.ஆர்.பி.2 செய்யாத ஒட்டுண்ணிகளும் சில இடங்களில் இருக்கின்றன. கோடு வராமல் காய்ச்சல் மட்டும் தொடர்ந்தால், கண்ணாடித் தகட்டில் இரத்தம் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் இந்தப் பரிசோதனைக்குப் பணம் இல்லை.

ஒட்டுண்ணி வெளியே அனுப்புவது மட்டும் அல்ல, உள்ளே இழுப்பதும் உண்டு. இதைக் கண்டவர்கள் நம் ஊர்க்காரர்கள். ஊரார் டாடா இன்ஸ்டிட்யூட் என்று சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தில் கோவிந்தராஜன் பத்மநாபன் என்பவரின் குழு 1990களில் இதை ஆராய்ந்தது. சிவப்பணுவில் இருக்கும் ஒரு புரதத்தை ஒட்டுண்ணி தனக்குள் இழுத்துப் பயன்படுத்துகிறது என்று 1997இல் எழுதினார்கள். வீட்டுக்காரரின் பாத்திரத்தையும் எடுத்துப் புழங்குகிறான் இந்தக் குடித்தனக்காரன்.

இப்போது மாத்திரை. ஃபால்சிபாரத்துக்கு மூன்று நாள் கூட்டு மருந்து கொடுக்கிறார்கள். வைவாக்ஸுக்கு மூன்று நாள் குளோரோகுயின், அதோடு 14 நாள் பிரைமாகுயின். ஏன் 14 நாள்? வைவாக்ஸில் சிலது கல்லீரலில் தூங்கிக்கொண்டிருக்கும். பல மாதம் கழித்துக்கூட எழுந்து வரும். தூங்குவதைக் கொல்லத்தான் அந்த 14 நாள். கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் பிரைமாகுயின் கூடாது. சிறுநீர் கறுத்துப் போனால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். மற்றவர்கள், உடம்பு தேறிவிட்டது என்று ஐந்தாம் நாளோடு நிறுத்தி, மீதி அட்டையை அடுத்த வீட்டுக்குக் கொடுப்பது நடக்கிறது. கொடுப்பவருக்கு நல்ல மனசுதான். ஆனால் இரண்டு வீட்டிலும் நோய் தீராது.

கத்திரியை மழுங்கடித்தால், வாசலை அடைத்தால் ஒட்டுண்ணி செத்துப்போகும் என்று விஞ்ஞானிகளுக்குத் தெரிந்துவிட்டது. கத்திரியைத் தடுக்கும் ஒரு பொருளை 2014இல் மெல்போர்னில் ஆய்வுக்கூடத்தில் சோதித்தும் பார்த்தார்கள். மருந்துக் கடைக்கு அப்படி எதுவும் இன்னும் வரவில்லை.

மேஜைமேல் ஒரு பரிசோதனை அட்டை வைத்திருக்கிறது. எல்லோரும் வாங்கிப் பாருங்கள். உறையில் என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்துக் கூட்டிப் படியுங்கள். காலாவதித் தேதி எந்த மூலையில் இருக்கிறது என்று முதலில் தேடுங்கள். இந்த அட்டையின் தேதி முடிந்துவிட்டது, இதில் இனி இரத்தம் பார்க்க முடியாது. உங்களுக்குப் பரிசோதனை செய்யும்போதும் உறையைக் கிழிக்கும் முன் அந்த இடத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.